ஞாயிறு பள்ளியில் யூதர்களைப் பற்றிப் பேசும்போது

கன்னியாகுமரி மாவட்டத்தில் மார்த்தாண்டத்துக்குப் பக்கத்தில் ஒரு சபையில் பல வருடங்களாக ஞாயிறு பள்ளி நடத்துகிறேன். எங்கள் பிள்ளைகளில் ஒருவர்கூட யூதர் யாரையும் நேரில் பார்த்ததில்லை. ஆனாலும் “யூதன்தானே இயேசுவைக் கொன்னான்” என்று சின்ன வகுப்புப் பிள்ளைக்கும் சொல்லத் தெரிகிறது. யாரும் உட்காரவைத்துக் கற்றுக்கொடுக்கவில்லை. பிரசங்கத்திலிருந்தும் நாடகத்திலிருந்தும் செல்போனிலிருந்தும் ஒட்டிக்கொள்கிறது. புதிதாக வரும் ஆசிரியர்களுக்கு நான் சொல்லிக்கொடுப்பதை இங்கே எழுதுகிறேன்.

லெந்து நாட்கள் (தவக்காலம்) தொடங்கும்போதே தொடங்கிவிடுங்கள். பெரிய வெள்ளி அன்று யாரும் காது கொடுக்கமாட்டார்கள். “மக்களே, இயேசு எந்த ஜனத்தில் பிறந்தார்?” என்று கேளுங்கள். “கிறிஸ்தவர்” என்றுதான் பெரும்பாலும் பதில் வரும். அங்கிருந்து மெதுவாகப் போங்கள். எட்டாம் நாள் விருத்தசேதனம், எருசலேமுக்குப் பஸ்கா பண்டிகைப் பயணம், ஓய்வுநாளில் ஜெப ஆலயம் (யூதர்கள் கூடி ஜெபிக்கும் இடம்) எல்லாமே யூதக் குடும்பத்தின் வாழ்க்கை. மரியாள், பேதுரு, பவுல் எல்லோரும் யூதர்கள். திருவிதாங்கோடு அரப்பள்ளியைக் கட்டினார் என்று நம் மாவட்டத்தில் பரம்பரையாகச் சொல்கிறோமே, இயேசுவின் சீடரான அந்தத் தோமாவும் யூதர்.

அப்புறம் சிலுவைக்கு வாருங்கள். சிலுவையில் அறைவது ரோமர்களின் தண்டனை. தீர்ப்புச் சொன்ன பிலாத்து ரோம ஆளுநர். எருசலேமில் சில ஆசாரியர்கள் இயேசுவைப் பிடித்துக் கொடுத்தார்கள், உண்மைதான். அவருக்குப் பின்னால் அழுதுகொண்டே போன பெண்கள் யார்? கல்லறை கொடுத்த அரிமத்தியா யோசேப்பு யார்? அவர்களும் யூதர்கள்தான். மத்தேயு 27:25-ல் கூட்டம் இரத்தப்பழியை ஏற்றுக்கொள்ளும் வசனம் வரும்போது நிறுத்துங்கள். அந்த ஒரு வசனத்தைக் காட்டி ஐரோப்பாவில் நூற்றாண்டுக் கணக்காக யூதர்களை அடித்தார்கள், விரட்டினார்கள். பெரிய பிள்ளைகளுக்கு இதை மறைக்கக் கூடாது. இயேசுவின் மரணத்துக்காக அன்றைய யூதர் எல்லோரையுமோ இன்றைய யூதர்களையோ குற்றம்சாட்ட முடியாது என்று கத்தோலிக்கத் திருச்சபை 1965-ல் இரண்டாம் வத்திக்கான் சங்கத்தில் அறிவித்தது. எங்கள் சபை கத்தோலிக்கம் அல்ல, சி.எஸ்.ஐ. (தென்னிந்தியத் திருச்சபை) என்றாலும் அதை வகுப்பில் சொல்லிவிடுவேன்.

பிள்ளைகளுக்குப் புரியாவிட்டால் தேவசகாயத்தை நினைவுபடுத்துங்கள். நம்ம நட்டாலத்துக்காரர், திருவிதாங்கூர் மன்னரின் பத்மநாபபுரம் அரண்மனையில் வேலை பார்த்தவர், கிறிஸ்தவராக மாறியவர். அவரைச் சிறையிட்டதும், 1752-ல் ஆரல்வாய்மொழி காற்றாடிமலையில் சுட்டுக் கொன்றதும் அவர் வேலை பார்த்த அதே அரசு. 2022-ல் அவரைப் புனிதர் என்று அறிவித்தபோது கோட்டாறு முதல் கடற்கரை வரை கொண்டாடினோம். அன்றைய அதிகாரிகளின் பேரன் பேத்திகள் என்று சொல்லி இன்று யார் வீட்டிலாவது கல்லெறிந்தோமா? இந்தக் கேள்விக்குப் பிறகு நான் விளக்கம் சொன்னதே இல்லை. பிள்ளைகளே பேசிக்கொள்வார்கள்.

நாடகம் போடுகிறவர்கள் உடுப்பைக் கவனியுங்கள். பிரதான ஆசாரியன் காய்பாவுக்குக் கறுப்பு அங்கியும் வளைந்த ஒட்டுமூக்கும், இயேசுவுக்கும் மரியாளுக்கும் வெள்ளை உடுப்பு என்றால் இரண்டு வேறு இனம் என்றுதான் பிள்ளை நினைக்கும். அந்த மூக்கு நாஜிகள் யூதர்களைக் கேவலப்படுத்த வரைந்த படங்களில் வந்த மூக்கு. எல்லோருக்கும் ஒரே மாதிரி உடுப்புக் கொடுங்கள். ரோமப் படைவீரர்களை மட்டும் வேறாகக் காட்டுங்கள்.

குடும்ப வாட்ஸப் குழுவில் “உலகத்தையே யூதர்கள் ரகசியமாக ஆளுகிறார்கள்” என்று ஒன்று வந்தால் குழுவிலேயே சண்டைக்குப் போகாதீர்கள். அனுப்பிய பெரியப்பாவுக்குத் தனியாக ஃபோன் செய்யுங்கள். அந்தக் கதையின் மூலம் ‘சீயோன் மூப்பர்களின் நெறிமுறைகள்’ என்று 1903-ல் ரஷ்யாவில் அச்சான போலி ஆவணம். வேறொரு புத்தகத்திலிருந்து திருடி எழுதியது என்று லண்டன் ‘டைம்ஸ்’ பத்திரிகை 1921-லேயே நிரூபித்துவிட்டது. இதை மரியாதையாகச் சொல்லி, “நீங்களே அழித்துவிடுங்களேன்” என்று கேளுங்கள். மனமிருந்தால் அழிப்பார். இல்லையென்றால் குழுவில் இரண்டே வரியில் உண்மையைப் போட்டுவிட்டு நிறுத்துங்கள். வதந்தி ஊரை என்ன செய்யும் என்று இந்துக்களும் கிறிஸ்தவர்களும் மோதிக்கொண்ட 1982 மண்டைக்காடு கலவரத்தைப் பார்த்த நமக்கு யாரும் சொல்லித்தர வேண்டியதில்லை.

“ஹிட்லர் கண்டிப்பானவர், நாட்டை முன்னேற்றினவர்” என்று பையன்கள் பேசினால் சிரித்து விட்டுவிடாதீர்கள். நாஜிகளும் கூட்டாளிகளும் கொன்றது 60 லட்சம் யூதர்களை. அதில் ஏறத்தாழ 15 லட்சம் பேர் பிள்ளைகள். உன் வகுப்பில் உன் பெஞ்சில் இருக்கிற வயது என்று சொல்லுங்கள்.

காசா போர் பற்றிக் கேள்வி கண்டிப்பாக வரும். அங்கே சாகும் பிள்ளைகளுக்காக அழலாம், இஸ்ரேல் அரசையும் ராணுவத்தையும் கண்டிக்கலாம். அதில் யூத வெறுப்பு எதுவும் இல்லை. “யூதன் புத்தியே இப்படித்தான்” என்று வாய் திறக்கும்போதுதான் அது வெறுப்பாகிறது. பிட்ஸ்பர்க்கில் 2018-ல் ஜெப ஆலயத்துக்குள் சுட்டுக் கொல்லப்பட்ட 11 பேர் ஓய்வுநாள் ஜெபத்துக்கு வந்தவர்கள், எந்த அரசையும் நடத்தியவர்கள் இல்லை. அதே போல, யூதர்களுக்குப் பரிந்து பேசுகிறேன் என்று தக்கலையிலும் குளச்சலிலும் நம்மோடு வாழும் முஸ்லிம்களைத் திட்டுகிறவர்களையும் அந்த இடத்திலேயே நிறுத்துங்கள். “யூதன்னா மூளைக்காரன், பணக்காரன்” என்ற புகழ்ச்சியையும் நான் வகுப்பில் விடுவதில்லை. ஒரு ஜனத்தையே ஒரே அச்சில் வார்க்கும் பழக்கம் அங்கேதான் தொடங்குகிறது.

யூதர்களில் ஜெபிக்கிறவர்களும் உண்டு, ஜெபிக்காமலேயே தன்னை யூதர் என்று சொல்கிறவர்களும் உண்டு. நம் நாட்டிலேயே கொச்சி, மும்பை, கொல்கத்தா என்று தனித்தனி யூதச் சமூகங்கள் வாழ்ந்துவந்திருக்கின்றன. 1971-ல் டாக்காவில் பாகிஸ்தான் படை சரணடையப் பேசி முடித்த ஜெனரல் ஜே.எஃப்.ஆர். ஜேக்கப் கல்கத்தாவில் பிறந்த யூதர். 849-ல் வேணாட்டை ஆண்ட அய்யனடிகள் கொல்லத்துத் தரிசாப்பள்ளி என்ற கிறிஸ்தவ ஆலயத்துக்குக் கொடுத்த செப்பேட்டில் யூதர்களின் எபிரெய எழுத்திலும் சாட்சிக் கையெழுத்து இருக்கிறது. அந்த வேணாடுதான் பின்னாளில் பத்மநாபபுரத்தைத் தலைநகராகக் கொண்ட திருவிதாங்கூர் ஆனது.

முடிந்தால் விடுமுறையில் பிள்ளைகளைக் கொச்சியிலிருக்கும் மட்டாஞ்சேரிக்கு அழைத்துப் போங்கள். நாகர்கோவிலில் ரயில் ஏறி எர்ணாகுளத்தில் இறங்கலாம். 1568-ல் கட்டிய பரதேசி ஜெப ஆலயம் அங்கே அரண்மனைக் கோயிலுக்கு ஒட்டினாற்போல நிற்கிறது. சனிக்கிழமை பார்வையாளர்களை உள்ளே விடமாட்டார்கள், அது ஓய்வுநாள். வெள்ளிக்கிழமை திறந்திருக்குமா என்று முன்கூட்டியே கேட்டுக்கொள்ளுங்கள். தோளும் முட்டியும் மறைகிற உடுப்புப் போடச் சொல்லுங்கள். கொச்சி யூதர்களில் பெரும்பாலோர் 1950-களில் இஸ்ரேலுக்குப் போய்விட்டார்கள் என்பதை ரயிலிலேயே சொல்லி வையுங்கள், இல்லையென்றால் அங்கே போய் “ஆட்கள் எங்கே?” என்று கேட்பார்கள்.