மூட்டையைத் தூக்கி எறியாதீர்கள்: தெருவோர முதியவர்களை இல்லத்தில் சேர்க்கும்போது நடக்கும் தவறுகள்

கோயில் வாசலிலோ பஸ் ஸ்டாண்டிலோ ஆதரவில்லாமல் கிடக்கும் பெரியவரைப் பார்த்ததும், நல்ல மனசுக்காரர்கள் நாலு பேர் வேனோடு வந்து இறங்குவார்கள். முதல் தவறு அந்த வேன்தான். பிச்சை எடுப்பதைக் குற்றமாக்கிய 1945-ஆம் ஆண்டுச் சட்டம் தமிழ்நாட்டில் உண்டு. அதனால் வண்டியைக் கண்டாலே 'பிடிச்சுட்டுப் போக வந்துட்டாங்க' என்று பலர் எழுந்து நடந்துவிடுவார்கள். முதல் நாள் ஒரு டீ வாங்கிக் கொடுத்துப் பேரைக் கேளுங்கள், போதும். மூன்றாம் நாளோ நான்காம் நாளோ இல்லத்தைப் பற்றிப் பேச்செடுக்கலாம். காய்ச்சலோடு நினைவில்லாமல் கிடக்கிறார் என்றால் கதையே வேறு. உடனே 108-ஐக் கூப்பிடுங்கள்.

அடுத்தது மூட்டை. சென்னையில் ஒரு பாட்டியைப் பேசிப் பேசிச் சம்மதிக்க வைத்து ஓர் இல்லத்தில் விட்டோம். அங்கே குளிப்பாட்டி, பேன் என்று தலையை ஒட்ட வெட்டி, நாறுகிறதென்று மூட்டையைக் குப்பையில் போட்டுவிட்டார்கள். நான்காம் நாள் பாட்டி பழைய இடத்திலேயே உட்கார்ந்திருந்தார். செத்துப்போன மகனின் ஒரே போட்டோ அந்த மூட்டையில் இருந்ததாம். "என்னை ஒரு வார்த்தை கேட்டியாப்பா?" என்றார். எங்கள் தவறுதான், முன்கூட்டியே சொல்லி வைத்திருக்க வேண்டும். துணியைத் துவைக்கலாம், முடியைக் கேட்டுவிட்டு வெட்டலாம். ரேஷன் கார்டு, மாத்திரைச் சீட்டு, பழைய பாஸ்புக் எல்லாம் அந்த மூட்டைக்குள்தான் இருக்கும்.

மாநகராட்சியின் வீடற்றோர் காப்பகமும் முதியோர் இல்லமும் ஒன்றல்ல. காப்பகத்தில் படுக்கவும் சாப்பிடவும் இடம் கிடைக்கும். படுத்த படுக்கையாக இருப்பவருக்கு மலம் சிறுநீர் எடுக்க ஆள் இருப்பார்கள் என்று நம்பிப் போகாதீர்கள். இல்லங்களிலும் பல, தன் வேலையைத் தானே பார்த்துக்கொள்பவரைத்தான் எடுக்கும். ஆகவே கிளம்பும் முன்பே போனில் கேளுங்கள்: நடக்க முடியாதவரை எடுப்பீர்களா? ஆஸ்பத்திரியில் சேர்த்தால் கூட யார் இருப்பது? காசநோய்ப் பரிசோதனை வேண்டுமா? எங்கே கேட்பது என்று தெரியாவிட்டால் முதியோர் உதவி எண் 14567 இருக்கிறது.

தனக்குத்தானே பேசிக்கொண்டு, ஊர் பேர் சொல்லத் தெரியாமல் அலைபவரை நேராக முதியோர் இல்லத்துக்குக் கொண்டுபோவதும் தவறு. 2017 மனநலப் பராமரிப்புச் சட்டப்படி அப்படிப்பட்டவரைப் போலீஸார் தங்கள் பாதுகாப்பில் எடுத்து, 24 மணி நேரத்துக்குள் அரசு மருத்துவ நிலையத்துக்குக் கொண்டுசெல்ல வேண்டும். சிகிச்சை முதலில், இல்லம் அப்புறம்.

ஆதார் இல்லை என்றதும் புதிதாக விண்ணப்பிப்பார்கள். பழைய எண் ஒன்று இருந்தால் புதியது நிராகரிக்கப்பட்டுவிடும். பெரும்பாலும் தொலைந்தது அட்டைதான். கைரேகையோ கருவிழியோ வைத்து ஆதார் மையத்தில் எண்ணைத் தேடலாம். உழைத்துத் தேய்ந்த விரல் ரேகை விழாது, கருவிழியைப் பதியச் சொல்லுங்கள். ஆதார் கைக்கு வந்தால்தான் அரசின் முதியோர் உதவித்தொகைக்கு வழி. தமிழ்நாட்டில் அது 2023-இல் மாதம் 1,200 ரூபாயாக உயர்ந்தது.

பிள்ளைகள் விஷயத்தில் அவசரம் வேண்டாம். பெற்றோரைக் கைவிட்டால் 3 மாதம் வரை சிறை அல்லது 5,000 ரூபாய் வரை அபராதம் என்கிறது 2007-ஆம் ஆண்டின் பெற்றோர், மூத்த குடிமக்கள் பராமரிப்புச் சட்டம். அதைச் சொல்லி மகனை மிரட்டினால், சில நாள் வீட்டில் வைத்திருந்து திரும்பத் தெருவில் விடுவான், அல்லது அடிப்பான். பெரியவர் வேண்டும் என்றால் மட்டும் கோட்டாட்சியர் தலைமையிலான தீர்ப்பாயத்துக்குப் போகலாம். அவரைக் கேட்காமல் போட்டோ எடுத்து வாட்ஸ்அப்பில் சுற்றவிடுவது, என்னைக் கேட்டால், அவமானத்தைத் தவிர வேறொன்றுமில்லை.

சேர்த்த கையோடு மறந்துவிடுவதுதான் எல்லாவற்றிலும் பெரிய தவறு. முதல் இரண்டு வாரத்தில்தான் பலர் கிளம்பி வருகிறார்கள். சோறு இருக்கும், பேச்சுத் துணை இருக்காது. பிளாட்பாரத்தில் பக்கத்தில் படுத்திருந்த சிநேகிதியை ஒரு தடவை பார்க்கக் கூட்டிப்போங்கள். சாதாரணக் கட்டண டவுன் பஸ்ஸில் பெண்களுக்குக் காசுகூடக் கிடையாது.