கைக்குழந்தையோடு மருத்துவப் படிப்பு: முதலில் எதைச் சரிசெய்வது?

பாடத்தை விட ஆள் ஏற்பாடுதான் முதலில் காலை வாரும். குழந்தையைப் பார்த்துக்கொள்ள ஒருவர் போதாது. மூன்று பேர் வேண்டும். தினமும் பார்ப்பவர், அவர் வராத நாளுக்கு ஒருவர், குழந்தைக்குக் காய்ச்சல் வந்தால் கூப்பிட ஒருவர். காப்பகங்கள் காய்ச்சலுள்ள குழந்தையைச் சேர்க்காது. தேர்வும் காய்ச்சலும் ஒரே நாளில் வருவது அபூர்வமல்ல.

வகுப்பறை ஆண்டுகளில் நேரம் ஓரளவு நம் கையில் இருக்கும். வார்டு தொடங்கினால் இருக்காது: காலை ரவுண்ட்ஸ் (நோயாளிகளை ஒவ்வொருவராகச் சென்று பார்ப்பது) காப்பகம் திறக்கும் முன்பே தொடங்கிவிடும். பணி அட்டவணை வந்த அன்றே இரவுப் பணி நாட்களைக் குறித்து ஆளிடம் சொல்லிவிடுங்கள்.

'குழந்தை தூங்கிய பிறகு நாலு மணி நேரம்' என்ற திட்டம் ஒரு வாரம்கூடத் தாங்காது. பெரும்பாலும் நீங்களும் கூடவே தூங்கிவிடுவீர்கள். படிப்பை 20 நிமிடத் துண்டுகளாகப் பிரித்துக்கொள்ளுங்கள். அன்கி போன்ற ஃபிளாஷ்கார்டு (கேள்வி-பதில் அட்டை) செயலியில் தினம் 20 புதிய அட்டைகள் போதும். 60 என்று ஆரம்பித்தால் திருப்பிப் பார்க்க வேண்டியவை சில நாட்களிலேயே நூற்றுக்கணக்கில் குவிந்துவிடும். இரண்டு நாள் விட்டால் மீள்வது கடினம்.

தாய்ப்பால் கொடுப்பவர்கள் பால் எடுக்கும் நேரத்தையும் இடத்தையும் துறையிடம் முன்கூட்டியே எழுத்தில் கேளுங்கள். எடுத்த பால் 25 டிகிரி வரையான அறை வெப்பத்தில் 4 மணி நேரம், குளிர்சாதனப் பெட்டியில் 4 நாள் தாங்கும். புட்டியில் தேதியும் நேரமும் எழுதுங்கள்.

வார்டிலிருந்து வந்ததும் உடை மாற்றி, கை கழுவிய பிறகே குழந்தையைத் தூக்குங்கள். நடக்கத் தொடங்கிவிட்டால் குழந்தை வாசலிலேயே ஓடி வந்து காலைக் கட்டிக்கொள்ளும், அதனால் மருத்துவமனையிலேயே உடை மாற்றிவிட்டுக் கிளம்புவது உத்தமம்.