கன்றுகள் சாவது எப்படி நின்றது
யாழ்ப்பாணத்து நீர்வேலியில் எங்கள் பண்ணையில் 42 மாடுகள். போன மாரியில் மட்டும் 5 கன்றுகள் பிறந்து பத்து நாளுக்குள் வயிற்றோட்டத்தில் செத்தன, தாய் மாடு இரவெல்லாம் கதறுவதைக் கேட்டுக்கொண்டு படுக்கவே முடியாது. தண்ணீரையும் கொட்டிலையும் சந்தேகித்தோம். பிழை வேறிடத்தில். இளங்கொடி, அதாவது நஞ்சுக்கொடி, விழுந்த பிறகுதான் கறக்க வேண்டும் என்பது அப்பு காலத்துப் பழக்கம், அதனால் இரவில் ஈன்றால் கன்றுக்குக் கடும்புப் பால், அதாவது ஈன்றவுடன் சுரக்கும் சீம்பால், விடியத்தான் கிடைக்கும். கன்று நோய் எதிர்ப்புச் சக்தி இல்லாமலே பிறக்கிறது. அந்தச் சக்தி கடும்பில்தான் இருக்கிறது, ஆனால் அதைக் குடல் உறிஞ்சுவது மணிக்கு மணி குறைந்து 24 மணி நேரத்தில் அநேகமாக நின்றுவிடும்.

இப்போது கொடிக்காகக் காத்திருப்பதில்லை. மடியைக் கழுவித் துடைத்து, 2 மணி நேரத்துக்குள் கன்றின் எடையில் 10 சதவீதம், அதாவது 25 கிலோ என்றால் இரண்டரை லீட்டர், சூப்பிப் போத்தலில் கொடுக்கிறோம். தொப்புளை அயடீனில் தோய்க்கிறோம். மிச்சக் கடும்பை உறையவைத்து, தேவைப்படும்போது 50 பாகை செல்சியசுக்கு மேல் போகாத சுடுநீரில் போத்தலோடு வைத்து இளக்குவோம், அடுப்பில் வைத்தால் திரைந்து சக்தியும் போய்விடும். அயலவர்கள் கடும்பு கேட்டு வருவார்கள், சரி, இரண்டாம் நாள் பாலைக் கொடுங்கள், முதல் கறவை கன்றுக்குத்தான். இந்த மாரியில் 11 கன்றுகள் பிறந்தன, எல்லாம் துள்ளிக்கொண்டு நிற்கின்றன.