பிரெஞ்சு நேச்சுரிஸ்ட் விருந்தினருக்குச் செட்டிநாட்டு வீட்டில் கிறிஸ்துமஸ்

பிரான்சில் ஆடையின்றி விடுமுறை கழிக்கும் நேச்சுரிஸ்ட்டுகளுக்கு 1950இல் தொடங்கிய மோந்தலிவே போன்ற கடலோர முகாம்கள் உண்டு. குளிர்காலத்தில் அவர்கள் உள்ளரங்க நீச்சல் குளங்களிலும் சானாக்களிலும் கூடுவார்கள். அத்தகையோர் மார்கழியில் கானாடுகாத்தான் பக்கம் தங்க வந்தால், முன்பதிவின்போதே ஒன்றைத் தெளிவாகச் சொல்லிவிட வேண்டும்: வளவு, அதாவது வீட்டின் நடுமுற்றம், வானம் பார்த்த இடம், பக்கத்து மாடியிலிருந்து பார்த்தால் தெரியும், பொது இடத்தில் பிறருக்குத் தொந்தரவு தரும் ஆபாசச் செயல் இந்தியத் தண்டனைச் சட்டத்துக்குப் பதிலாக வந்த பாரதிய நியாய சன்ஹிதாவின் 296ஆவது பிரிவின்படி குற்றம். ஆகவே அறைக்குள் அவர்கள் விருப்பம், வெளியே ஆடை. இதைக் கேட்டு முகம் சுளித்தவரை நான் பார்த்ததில்லை; பிறர் கண்ணியத்தை மதிப்பது அவர்களுடைய முதல் விதியே.

அறையில் ஆளுக்கு இரண்டு துண்டு கூடுதலாக வையுங்கள், ஏனெனில் உட்காருமிடத்தில் துண்டு விரிப்பது அவர்கள் வழக்கம். வேலையாட்கள் கதவைத் தட்டி, பதில் வந்த பின்பே நுழைய வேண்டும். யாரும் கைப்பேசியில் படம் எடுக்கலாகாது.

டிசம்பர் 24 இரவு விருந்துதான் அவர்களுக்கு முக்கியம், மணிக்கணக்கில் நீளும். பந்தி பரிமாறும் வேகத்தில் இலையை எடுத்துவிடாதீர்கள். அந்த விருந்துக்குரிய மரக்கட்டை வடிவக் கேக்கைக் காரைக்குடி பேக்கரியில் முன்கூட்டியே சொல்லிவைக்கலாம். ஜனவரி 6 வரை தங்கினால் இன்னும் சுவை: அன்று பிரெஞ்சுக்காரர்கள் உண்ணும் வட்டப் பணியாரத்தினுள் சிறு பொம்மை ஒன்று ஒளிந்திருக்கும், வீட்டின் கடைக்குட்டி மேசைக்கடியில் அமர்ந்து எந்தத் துண்டு யாருக்கு என்று சொல்லும், பொம்மை கிடைத்தவருக்குக் காகிதக் கிரீடம். நாங்கள் அதற்குப் பதிலாக, செட்டிநாட்டு இனிப்பான கந்தரப்பம் ஒன்றில் மட்டும் முழு பாதாம் வைத்துப் பொரித்தோம். கிரீடம் சமையற்கார ஆச்சிக்கே போயிற்று.