கிட் இல்லாமல் ஒரு பாக்ஸ்கைட்: சறுக்கும் இடங்கள்

ரேஸ் கோர்ஸ் சாலைக்கு மீன் தலைக் கறி சாப்பிடப் போகிற நம்மில் பலருக்கு, பக்கத்தில் இருந்த பழைய குதிரைப் பந்தயத் திடலில்தான் சிங்கப்பூரின் முதல் விமானம் மேலே எழும்பியது என்பது தெரியாது. 1911 மார்ச் 16. ஓட்டியவர் ஜோசஃப் கிறிஸ்டியான்ஸ் என்ற பெல்ஜியக்காரர், விமானம் பிரிஸ்டல் பாக்ஸ்கைட். அதே மாதம்தான் பிரிட்டிஷ் போர்த்துறையும் தன் புதிய விமானப் பிரிவுக்காக நான்கு பாக்ஸ்கைட் வேண்டும் என்று ஆர்டர் கொடுத்தது. ரஷ்ய ராணுவம் அதற்கு முன்பே, 1910 நவம்பரில், எட்டு கேட்டிருந்தது. அப்படிப் பார்த்தால் இது ராணுவ விமானங்களில் மூத்த தலைமுறை, அதுவும் தேக்காவுக்குப் பக்கத்தில் பறந்த ஒன்று. சிங்கப்பூரில் மாடல் கட்டுகிற ஒரு தமிழர், பாகங்கள் தயாராக வருகிற கிட் எதுவும் வாங்காமல், பிளாஸ்டிக் அட்டை, பித்தளைக் கம்பி, நூல் இவற்றை மட்டும் வைத்து ஒரு விமானம் செய்ய வேண்டும் என்று நினைத்தால், எனக்குத் தெரிந்து இதைவிடப் பொருத்தமான விமானம் வேறு இல்லை.

ஆனால் இதைத் தொடங்கிவிட்டுப் பாதியில் பெட்டிக்குள் போட்டு வைப்பவர்கள் அதிகம். பெரும்பாலும் காரணம் ஒன்றுதான். இந்த விமானத்துக்கு உடற்கூடு கிடையாது. பின்னால் வந்த போர் விமானங்களில் உள்ளே எதைக் கோணலாக ஒட்டினாலும் மேலே ஒரு மூடி வந்து மறைத்துவிடும். பாக்ஸ்கைட்டில் விமானி கீழ் இறக்கையின் முன் விளிம்பில், காற்றில் உட்கார்ந்திருப்பார். என்ஜின் வெளியே, கம்பி வெளியே, வால் நான்கு மரச்சட்டங்களின் முனையில். செய்கிற ஒவ்வொரு பிழையும் கண்ணில் படும், அதுவும் முதலில் தடிமனில்தான் படும்.

தடிமனுக்கு முன்னால் வரைபடத்தைப் பார்த்துவிடலாம். பாக்ஸ்கைட்டில் இரண்டு வகை உண்டு. முதலில் வந்ததன் இறக்கை நீளம் 34 அடி 6 அங்குலம், அதாவது சுமார் 10.5 மீட்டர். ராணுவத்துக்காக மேல் இறக்கையை மட்டும் நீட்டிச் செய்த வகையில் அது 47 அடி 8 அங்குலம், சுமார் 14.5 மீட்டர். நிஜத்தில் 72இல் ஒரு பங்காகச் சுருக்கும் 1/72 அளவில் முதலாவது 146 மில்லிமீட்டர், இரண்டாவது 202 மில்லிமீட்டர். இணையத்தில் கிடைக்கிற ஒரு படத்தை எடுத்து, வேறு இடத்தில் கிடைத்த நீளத்தை வைத்துச் சுருக்கினால் எல்லாமே தப்பாகும், அந்தத் தப்பு வால் பகுதிக்கு வரும்போதுதான் தெரியும். ஆகவே எந்த வகையைக் கட்டப் போகிறீர்கள் என்பதை எழுதி மேசைக்கு மேலே ஒட்டிவிட்டு, அந்த வகையின் படங்களை மட்டும் தனியாக வைத்துக்கொள்ளுங்கள்.

படங்களிலும் ஒரு கண்ணி இருக்கிறது. நல்ல வண்ணப் புகைப்படங்கள் எல்லாம் பின்னால் செய்த நகல் விமானங்களுடையவை. இங்கிலாந்தில் ஷட்டில்வொர்த் சேகரிப்பில் இருக்கிற பாக்ஸ்கைட் 1960களில் ஒரு திரைப்படத்துக்காகக் கட்டியது. அது இன்றைக்கும் பறக்கக்கூடிய அருமையான வேலை, ஆனால் அதன் என்ஜின் 1911ஆம் ஆண்டுடையது இல்லை. சட்டங்கள் எங்கே சேர்கின்றன, துணி எப்படித் தைத்திருக்கிறது என்று பார்க்க அந்தப் படங்கள் உதவும். என்ஜினையும் அதைத் தாங்கும் அமைப்பையும் அங்கிருந்து எடுக்காதீர்கள். பழைய கறுப்பு வெள்ளைப் படங்களைத் தேடுங்கள். தேசிய நூலக வாரியத்தின் நியூஸ்பேப்பர்எஸ்ஜி தளத்தில் 1911 மார்ச் மாதத்து நாளிதழ்களைப் புரட்டிப் பார்ப்பதும் நல்லது. அளவெடுக்க அது போதாது, ஆனால் இந்த ஊரில் அந்த விமானத்தைப் பார்த்தவர்கள் என்ன எழுதினார்கள் என்று படித்துவிட்டு மேசைக்கு வந்தால் கை வேறு மாதிரி வேலை செய்கிறது.

இனி தடிமன். மாடல் கடையில் கிடைக்கிற 1 மில்லிமீட்டர் பிளாஸ்டிக் குச்சி கையில் மெல்லியதாகத்தான் இருக்கும். அதை 72ஆல் பெருக்குங்கள். 7.2 சென்டிமீட்டர் வருகிறது. அது வீட்டு நிலைப்படிக்குப் போடுகிற மரம், இறக்கைகளுக்கு நடுவே நிற்கிற ஸ்ட்ரட் இல்லை. நிஜ ஸ்ட்ரட் நான்கு சென்டிமீட்டர் அகலம் என்று வைத்துக்கொண்டாலும் உங்களுக்கு வேண்டியது 0.55 மில்லிமீட்டர்தான். இறக்கைக்கு வாருங்கள். பாக்ஸ்கைட்டின் இறக்கைக்கு ஒற்றைத் துணிதான், மேலும் கீழுமாக இரண்டு அடுக்கு கிடையாது. 1 மில்லிமீட்டர் அட்டையில் இறக்கை வெட்டினால் அது பலகையாகத்தான் தெரியும். 0.25 மில்லிமீட்டர் அட்டைகூட அளவில் 18 மில்லிமீட்டர் ஆகிறது. அதற்கு மேல் தடிமனாகப் போகவே கூடாது, விளிம்பை உப்புத்தாளில் தேய்த்து இன்னும் மெலிதாக்க வேண்டும். ஓர் அட்டையை எடுக்கும்போதெல்லாம் காலிப்பரில் அளந்து 72ஆல் பெருக்கிப் பார்க்கிற பழக்கம் வந்துவிட்டால் பாதித் தவறுகள் தானாகவே நின்றுவிடும்.

மெல்லிய அட்டையைத் தட்டையாக ஒட்டிவிடுவது அடுத்த பிழை. இந்த இறக்கைகளுக்குக் கீழே நல்ல குழிவு உண்டு, பக்கவாட்டில் பார்த்தால் வில்லாக வளைந்திருக்கும். அட்டையை ஒரு வட்டமான பாட்டில் மேலோ குழாய் மேலோ நீளவாக்கில் நேராக வைத்து, மாஸ்கிங் டேப்பால் முழு நீளத்துக்கும் இறுக்கி ஒட்டி, கொதித்து இறக்கிய தண்ணீரை மேலே ஊற்றி, உடனே குளிர்ந்த தண்ணீரையும் ஊற்றுங்கள். வளைவு அப்படியே நின்றுவிடும். குழாய்க்கு இணையாக இல்லாமல் கொஞ்சம் சாய்த்து ஒட்டினால் இறக்கை முறுக்கிக்கொள்ளும், அப்புறம் எந்தக் கம்பியாலும் அதை இழுத்து நேராக்க முடியாது. இரண்டு இறக்கையையும் ஒரே குழாயில் வளையுங்கள். ரிப், அதாவது துணியைத் தாங்கும் குறுக்குச் சட்டங்கள், எல்லாம் அதற்குப் பிறகுதான், மிக மெல்லிய பட்டைகளாக. துணிக்கு நடுவே ரிப் புடைத்துக்கொண்டு நிற்கிற மாதிரி மிகைப்படுத்திச் செய்வது பலருக்குப் பிடித்திருக்கிறது, எனக்கு அது பட்டினி கிடந்த விலா எலும்பாகத்தான் தெரிகிறது. விரலால் தடவினால் தெரிய வேண்டும், எட்ட நின்று பார்த்தால் தெரியக் கூடாது. அவ்வளவு போதும்.

ஸ்ட்ரட்களை ஒவ்வொன்றாக நிறுத்திக் கண்ணளவில் ஒட்டுகிறவர்கள் நிறையப் பேர். கண்ணளவு இங்கே உதவாது. பாக்ஸ்கைட்டில் மேல் இறக்கை கீழ் இறக்கைக்கு நேர் மேலே இருக்கிறது, முன்னும் பின்னும் தள்ளி இல்லை. இது பெரிய சௌகரியம். ரிப் ஒட்டுவதற்கு முன் இரண்டு இறக்கைகளையும் ஒன்றன்மேல் ஒன்றாக டேப்பில் கட்டி, ஸ்ட்ரட் வருகிற இடங்களில் 0.3 மில்லிமீட்டர் துளைகளை இரண்டிலும் ஒரே தடவையில் போட்டுவிடலாம், துளைகள் எங்கேயும் விலகாது. அப்புறம் ஒரு ஜிக் வேண்டும், ஒட்டுகிற பாகங்களைச் சரியான இடத்தில் அசையாமல் பிடித்துவைக்கிற தாங்கி. பிள்ளைகளின் லெகோ கட்டைகளே போதும், எல்லாக் கட்டையும் துல்லியமாக ஒரே உயரம் இருப்பதால் மேல் இறக்கையை வேண்டிய உயரத்தில் தாங்கிக்கொள்ளும். நடுவில் இருக்கிற நான்கு ஸ்ட்ரட்டை மட்டும் முதலில் ஒட்டி, முன்னாலிருந்தும் மேலிருந்தும் பார்த்து, ஒரு ராத்திரி காயவிட்டு, பிறகுதான் வெளிப்பக்கம் போக வேண்டும். எடை தாங்குகிற ஸ்ட்ரட்களைப் பித்தளைக் கம்பியில் செய்வதுதான் நல்லது, பிளாஸ்டிக் ஸ்ட்ரட் நூலை இழுத்தவுடன் வளைந்துவிடும். வால் சட்டங்களுக்கும் விமானத்தை ஏற்றி இறக்கும் எலிவேட்டரைத் தாங்கி முன்னால் நீட்டிக்கொண்டிருக்கும் சட்டங்களுக்கும் பித்தளைதான்.

என்ஜினில் ஒரு குறிப்பான தவறு திரும்பத் திரும்ப வருகிறது. இதில் இருந்தது பெரும்பாலும் 50 குதிரைத்திறன் கொண்ட நோம் ரோட்டரி, ஏழு சிலிண்டர், சிலிண்டர்களே புரொப்பெல்லரோடு சேர்ந்து சுற்றும். கையிருப்பில் இருக்கிற வேறொரு முதல் உலகப் போர் கிட்டிலிருந்து ஒன்பது சிலிண்டர் லெ ரோன் என்ஜினை எடுத்து மாட்டிவிடுகிறார்கள். லெ ரோனில் சிலிண்டருக்கு வெளியே செப்புக் குழாய்கள் பளிச்சென்று ஓடும். நோம் என்ஜினில் எரிபொருள் கலவை கிராங்க் அறைக்குள் வந்து, பிஸ்டன் தலையில் இருக்கும் வால்வு வழியாக சிலிண்டருக்குள் போகிறது, அதனால் வெளியே அந்தக் குழாய்களே கிடையாது. ஒரு சிலிண்டருக்கு ஒரு தள்ளுகம்பி மட்டும் தெரியும். எஃகு நிறம் கொடுத்து, விளக்கெண்ணெய் படிந்த மாதிரி நன்றாக நீர்த்த பழுப்புப் பெயிண்டை லேசாக ஓடவிட்டால் போதும். விளக்கெண்ணெய் என்று சொல்வது சும்மா இல்லை, ரோட்டரி என்ஜின்களுக்கு மசகு அதுதான், சுற்றுகிற வேகத்தில் அது வெளியே தெறித்துக்கொண்டே இருக்கும்.

ரிக்கிங்குக்கு, அதாவது இறக்கைகளையும் சட்டங்களையும் இழுத்துப் பிடிக்கிற கம்பிகளைக் கட்டுவதற்கு, நிறைய நேரம் ஒதுக்குங்கள், முகம் மாதிரி இதைத்தான் எல்லாரும் முதலில் பார்ப்பார்கள். மூன்று மில்லிமீட்டர் கம்பி 1/72 அளவில் 0.04 மில்லிமீட்டர். நம் தலைமுடியே அதைவிடத் தடிமன். 0.2 மில்லிமீட்டர் தூண்டில் நரம்பைக் கட்டினால் அளவில் அது சுண்டுவிரல் தடிமனுக்கு வந்து, விமானம் கூண்டுக்குள் மாட்டிக்கொண்ட மாதிரி ஆகிவிடும். மாடல்காரர்களுக்கென்றே வருகிற எலாஸ்டிக் நூலில் இருப்பதிலேயே மெல்லியதை வாங்குங்கள், இல்லையென்றால் பழைய கிட் ஏதாவது இருந்தால் அதில் பாகங்கள் ஒட்டிக்கொண்டு வரும் பிளாஸ்டிக் சட்டத்தை மெழுகுவர்த்தியில் காட்டி இழுத்து நூலாக்கிக்கொள்ளுங்கள். இழுத்த பிளாஸ்டிக் தொய்ந்தால் புகைகிற ஊதுபத்தி முனையைத் தொடாமல் பக்கத்தில் கொண்டுபோனால் தானே இறுகிவிடும். நைலான் நூல் நம் ஊருக்கு ஒத்துவராது, ஈரத்தை உறிஞ்சி நீளும், ஏர்கான் ஓடும்போது இறுக்கமாக இருந்தது மறுநாள் காலையில் தொங்கும். கட்டுகிற வரிசையும் முக்கியம், நடுவிலிருந்து வெளியே. வெளியே கட்டிவிட்டு உள்ளே இடுக்கியை நுழைத்தால் முதலில் கட்டியது அறுந்துவிடும்.

இதோடு சேர்த்து ஐலரான், விமானத்தைப் பக்கவாட்டில் சாய்க்க இறக்கையின் பின் விளிம்பில் இருக்கிற அசையும் மடல். பாக்ஸ்கைட்டின் ஐலரான்களைக் கேபிள் கீழே மட்டும்தான் இழுக்கும், திரும்ப மேலே கொண்டுவரக் கேபிள் கிடையாது, பறக்கும்போது காற்றுதான் அவற்றைத் தூக்கி நேராக்கும். அதனால் தரையில் நிற்கிற பாக்ஸ்கைட்டில் மேல் இறக்கை, கீழ் இறக்கை இரண்டின் ஐலரான்களும் கீழே தொங்கிக்கொண்டிருக்கும். மாடலைச் சக்கரத்தில் நிறுத்திவிட்டு ஐலரானை இறக்கையோடு நேராக ஒட்டினால் விஷயம் தெரிந்தவர் உடனே கண்டுபிடித்துவிடுவார். தொங்கவிட்டுப் பாருங்கள், விமானம் அப்போதே உயிரோடு இருக்கிற மாதிரி தெரியும்.

பசை, பெயிண்ட் இரண்டிலும் சிங்கப்பூர் ஈரப்பதத்தை மறந்துவிட்டு வெளிநாட்டுக் காணொளியைப் பார்த்துச் செய்யாதீர்கள். சூப்பர் க்ளூ இங்கே சீக்கிரம் பிடிக்கும், திருத்த நேரம் தராது, மூடிய இடத்தில் அதன் ஆவி சுற்றிலும் வெள்ளைப் படலமாகப் படியும். ஊசி முனையில் தொட்டு வைத்து, பக்கத்தில் ஒரு சின்ன விசிறியை ஓடவிடுங்கள். மழை பெய்கிற சாயங்காலத்தில் லாக்கர் வார்னிஷ் அடித்தால் பால் மாதிரி வெளுத்துவிடும். அதற்காக ஏர்கான் அறையைப் பூட்டிக்கொண்டு ஸ்ப்ரே செய்வதும் கூடாது, அந்தப் புகையைச் சுவாசிக்கவே கூடாது. வீவக வீட்டில் இதற்கு எளிய வழி, நல்ல வெயில் அடிக்கிற பிற்பகலில் ஜன்னலோரம் புகையை வெளியே தள்ளும் விசிறியோடு அடிப்பது, அல்லது தண்ணீரில் கரையும் அக்ரிலிக்கைத் தூரிகையால் மெல்லப் பூசுவது. பொது நடைபாதையில் அடிக்காதீர்கள், பக்கத்து வீட்டில் குழந்தைகள் இருப்பார்கள். அச்செடுத்த வரைபடத் தாளும் ஈரத்தில் கொஞ்சம் விரியும், அதனால் வெட்டுகிற அன்றைக்கு ஒருமுறை ஸ்கேலை வைத்துச் சரிபார்த்துவிடுங்கள்.

நிறத்துக்கு வந்தால், வெளுக்காத லினன் துணியின் வெளிர் மஞ்சள் கலந்த வெள்ளைதான் வேண்டும், காக்கியோ காப்பி நிறமோ இல்லை. பழைய படங்களைப் பார்த்து நிறம் முடிவு செய்யாதீர்கள், அந்தக் காலத்து ஃபிலிமில் சிவப்பு கறுப்பாகவும் நீலம் வெளிறியும் விழும். இறக்கையில் வட்டச் சின்னத்தை ஒட்டுவதும் வேண்டாம். பிரிட்டிஷ் விமானங்களுக்கு அந்த வட்டம் வந்தது 1914 கடைசியில், போர் தொடங்கிய பிறகு. 1911 பாக்ஸ்கைட்டுக்கு அது பொருந்தாது.

கடைசியாக ஒன்று, இதைப் பலர் மாடல் முடிந்த பிறகுதான் யோசிக்கிறார்கள். இத்தனை நூல் கட்டிய விமானத்தில் தூசி படிந்தால் துடைக்க முடியாது, தூரிகை பட்டாலே ஏதாவது ஒரு கம்பி போய்விடும். மூடியோடு கூடிய அக்ரிலிக் பெட்டியை முதலிலேயே வாங்கி, அதன் அடித்தட்டிலேயே சக்கரங்களை நிறுத்திக் கடைசிக் கட்ட வேலையைச் செய்யுங்கள். ராணுவ வகை என்றால் 1/72க்கு உள்ளகலம் 23 சென்டிமீட்டராவது இருக்க வேண்டும், மூடியைத் தூக்கும்போது மேல் இறக்கையின் முனை இடிக்காமல் இருக்க.