குரூஸ் கப்பலுக்கு சொந்த ஒயின் கொண்டுபோகிறீர்களா? கார்க்கேஜில் பலர் கோட்டைவிடும் இடங்கள்

கரீபியன் குரூஸுக்கு டிக்கெட் போட்டாயிற்று, கப்பலில் ஒரு கிளாஸ் ஒயின் 12 டாலர், 14 டாலர் என்று தெரிந்ததும் எல்லாருக்கும் வரும் யோசனைதான்: கடையிலேயே இரண்டு பாட்டில் வாங்கிக்கொண்டு போய்விட்டால் என்ன? தாராளமாகப் போகலாம். பெரும்பாலான கம்பெனிகள் விடுகின்றன. கூடவே கார்க்கேஜ் என்று ஒன்று வரும். நம் பாட்டிலை அவர்கள் திறந்து, கிளாஸ் வைத்து ஊற்றித் தருவதற்கான கட்டணம் என்று சொல்வார்கள், அவர்களிடம் வாங்காமல் விட்டதற்கான தண்டம் என்று வைத்துக்கொண்டாலும் பெரிய தவறில்லை.

முதல் தவறு, எல்லாக் கப்பலிலும் ஒரே விதி என்று நினைப்பது. கார்னிவல் என்ற கம்பெனியின் கப்பல்களில் 21 வயது ஆனவர்கள் ஆளுக்கு ஒரு 750 மில்லி பாட்டில் கொண்டுவரலாம், கேபினில் வைத்துக் குடித்தால் காசு கிடையாது, டைனிங் ரூமுக்கு எடுத்துப் போனால்தான் 15 டாலர். நார்வீஜியன் என்ற இன்னொரு கம்பெனியில் கதையே வேறு. எத்தனை பாட்டில் வேண்டுமானாலும் கொண்டுவா என்பார்கள், ஆனால் ஏறும்போதே பாட்டிலுக்கு 15 டாலர், ஒன்றரை லிட்டர் பெரிய பாட்டிலுக்கு 30 டாலர் வாங்கிவிடுவார்கள், நீங்கள் அதைக் கேபினில் குடிக்கிறீர்களா டைனிங் ரூமில் குடிக்கிறீர்களா என்பது அவர்களுக்கு வேண்டாத விஷயம். எம்எஸ்சி கம்பெனியில் வெளி மதுவுக்கே அனுமதி இல்லை. வைக்கிங் கம்பெனியில் கார்க்கேஜே கிடையாது. ஆக, கட்டணத்தைச் சிலர் வாசலில் வாங்குகிறார்கள், சிலர் மேசையில் வாங்குகிறார்கள். உங்கள் கப்பல் எந்த ரகம் என்று தெரிந்துகொண்டால் பாதிப் பிரச்சினை தீர்ந்தது. போன வருஷம் கார்னிவலில் போய்விட்டு இந்த வருஷம் நார்வீஜியனில் ஏறி, "கேபினில் குடிப்பதற்கு எதற்குக் காசு?" என்று கேட்டுப் பயனில்லை. கட்டணங்களும் அவ்வப்போது ஏறுகின்றன, அதனால் கிளம்பும் வாரத்தில் கம்பெனி தளத்தில் ஒரு தடவை பார்த்துவிடுங்கள்.

அடுத்தது கணக்கு. பலர் இதைத்தான் போடுவதே இல்லை. 750 மில்லி பாட்டிலில் 150 மில்லி வீதம் ஐந்து கிளாஸ் வரும். கப்பலில் கிளாஸ் 13 டாலர் என்றால் ஐந்துக்கு 65, அதன்மேல் தானாகச் சேரும் டிப்ஸ் 18 சதவீதம் போட்டால் 76 டாலரைத் தாண்டுகிறது. நீங்கள் 15 டாலர் ஒயினைக் கொண்டுபோய் 15 டாலர் கார்க்கேஜும் கட்டினால் 30. லாபம்தான். ஆனால் 7 டாலர் ஒயினை மேசைக்குக் கொண்டுபோய் அதற்கும் அதே 15 டாலர் கட்டுவது எனக்குப் பிடிபடாத விஷயம், ஒயினைவிட அதைத் திறக்கும் கூலி இரண்டு மடங்கு. கார்க்கேஜ் பாட்டிலுக்குத்தான், விலைக்கு அல்ல. ஆகவே மேசைக்கு எடுத்துப் போவது நல்ல பாட்டிலாக இருக்கட்டும்: கடையில் 40 டாலருக்குக் கிடைப்பது கப்பல் மெனுவில் அதைப்போல இரண்டு மடங்குக்கு மேல் போட்டிருக்கும், அங்கேதான் 15 டாலர் கொடுப்பது கொள்ளை மலிவு. சாதா ஒயினைக் கேபின் பால்கனியில் உட்கார்ந்து குடித்துக்கொள்ளுங்கள், அங்கே இலவசம் என்றால். டிரிங்க்ஸ் பேக்கேஜ், அதாவது மொத்தமாகப் பணம் கட்டிக் கப்பலில் குடித்துக்கொள்ளும் திட்டம், வாங்கியவர்கள் பாட்டிலும் தூக்கிக்கொண்டு வருவதைப் பார்க்கிறேன், ஒரே ஒயினுக்கு இரண்டு தடவை பணம் கட்டுகிறார்கள், அவ்வளவுதான்.

சரி, பாட்டிலை எதில் வைப்பது? துறைமுக வாசலில் போர்ட்டரிடம் கொடுக்கும் சூட்கேஸில் வைக்காதீர்கள், கையில் எடுத்துப் போகும் பையில்தான் இருக்க வேண்டும். சூட்கேஸ் எக்ஸ்ரேயில் பாட்டில் தெரிந்தால் பெட்டியை நிறுத்தி வைத்துவிடுவார்கள். மற்றவர்கள் உடை மாற்றிக்கொண்டு சாப்பிடப் போகும்போது நீங்கள் பெட்டியைத் தேடிக்கொண்டு கீழ்த்தளத்தில் நிற்க வேண்டும். விமானத்தில் வருபவர்களுக்கு இது நேர்தலைகீழ், அங்கே கைப்பையில் 100 மில்லிக்கு மேல் திரவம் ஆகாது, பாட்டில் செக்-இன் பெட்டியில்தான் போக வேண்டும். ஆகவே விமானத்தில் பெட்டிக்குள், துறைமுகத்தில் கைக்குள். இந்தத் தொல்லையே வேண்டாம் என்றால் கப்பல் கிளம்பும் ஊரில், மியாமியிலோ ஃபோர்ட் லாடர்டேலிலோ, போய் இறங்கியதும் கடையில் வாங்கிக்கொள்ளுங்கள்.

சில்லறைத் தவறுகளும் உண்டு. பெட்டியில் வரும் பாக்ஸ் ஒயினை கார்னிவலும் நார்வீஜியனும் விடுவதில்லை. சீல் உடைந்த பாட்டில் எங்கும் போகாது. பிள்ளைகளைச் சேர்த்து நாலு பேர் என்று நாலு பாட்டில் கொண்டுபோனால் இரண்டு வாசலிலேயே நின்றுவிடும். விஸ்கி, ரம்மை மவுத்வாஷ் பாட்டிலிலோ தண்ணீர் பாட்டிலிலோ ஊற்றிக் கொண்டுபோகும் வித்தை பழசு, செக்யூரிட்டிக்கும் தெரிந்ததுதான். அந்த வித்தையாலேயே கார்னிவல் 2015இல் பாட்டில் தண்ணீர் கொண்டுவருவதற்கே தடை போட்டது. நாலு பேர் செய்ததற்கு எல்லாரும் தண்ணீரை காசு கொடுத்து வாங்குகிறோம்.

அப்புறம், பயணம் தொடங்க ஏறும் நாளில் மட்டும்தான் பாட்டில் கொண்டுவரலாம் என்ற நிபந்தனை. பெரும்பாலான கப்பல்களில் வழியில் வாங்கும் மதுவைத் திரும்ப ஏறும்போது வாங்கி வைத்துக்கொண்டு கடைசி நாள் இரவுதான் தருவார்கள். செயின்ட் தாமஸ் தீவில் இறங்கி மலிவாகக் கிடைக்கிறதே என்று வாங்கிய ரம்மை அன்று இரவே திறக்கலாம் என்று நினைத்தால் ஏமாற்றம்தான். டிஸ்னி கம்பெனியின் கப்பல்கள் இதில் கொஞ்சம் தாராளம், ஒவ்வொரு துறைமுகத்திலும் பெரியவர்கள் ஆளுக்கு இரண்டு பாட்டில் ஒயின் ஏற்றலாம்.

திருகு மூடி பாட்டிலாகப் பார்த்து வாங்குங்கள், கார்க் திறப்பானைத் தேடும் வேலை மிச்சம். டின்னரில் பாதிதான் குடித்தீர்கள் என்றால் மேசையில் விட்டுவிட்டு வராதீர்கள், கேபின் எண்ணைச் சொன்னால் பரிமாறுபவரே மூடி எடுத்து வைத்து மறுநாள் கொண்டுவருவார். ஒரு பாட்டிலுக்குக் கார்க்கேஜ் ஒரே தடவைதான். இரண்டாவது இரவும் பில்லில் ஏறியிருந்தால் கப்பலை விட்டு இறங்குவதற்கு முன்பே கெஸ்ட் சர்வீஸில் சொல்லி நீக்கச் சொல்லுங்கள்.