சி மொழியில் முதல் வலைச்செயலி

பெல் ஆய்வகத்தில் டென்னிஸ் ரிட்சி 1970-களின் தொடக்கத்தில் உருவாக்கிய சி மொழியில் இன்றும் வலைச்செயலி எழுதலாம். 1993-இல் வந்த சிஜிஐ முறை அதற்குப் போதும். பிரவுசர் பக்கத்தைக் கேட்டதும் சர்வர் நம் நிரலை இயக்கி, அது அச்சிடுவதை வாங்கி அனுப்பிவிடும்.

முதலில் உபுண்டு கணினியில் அப்பாச்சி என்னும் வலை சர்வரையும் ஜிசிசி என்னும் சி கம்பைலரையும் நிறுவி, அப்பாச்சியின் சிஜிஐ தொகுதியை இயக்கிவிட்டு, சர்வரை மறுபடி தொடங்குங்கள்.

அடுத்து, அச்சிடும் கட்டளையான பிரின்ட்எஃப் வரிகள் இரண்டே கொண்ட நிரல் ஒன்றை எழுதுங்கள். முதல் வரி, 'கன்டென்ட்-டைப்' என்னும் தலைப்பில், வருவது யூடிஎஃப்-8 குறிமுறையிலான ஹெச்டிஎம்எல் என்று அறிவிக்க வேண்டும். இரண்டாம் வரி வணக்கம் சொல்லட்டும். தலைப்புக்குப் பின் ஒரு வெற்று வரி கட்டாயம் தேவை. அது விடுபட்டால் 500 என்ற பிழைதான் திரையில் வரும். புதியவர்கள் பெரும்பாலும் தடுமாறும் இடம் இதுவே.

கம்பைல் செய்த கோப்பை சிஜிஐ-பின் அடைவில் வைத்து 755 அனுமதி (எல்லோரும் படிக்கலாம், இயக்கலாம்; உரிமையாளர் மட்டுமே மாற்றலாம்) கொடுத்தால் பக்கம் திறக்கும்.

இனிப் பயனர் தரும் பெயரை வாங்குவோம். முகவரியில் வினாக்குறிக்குப் பின் வருவது 'குவெரி ஸ்ட்ரிங்' என்னும் சூழல் மாறியில், அதாவது நிரலை இயக்கும்போது சர்வர் அதற்குத் தரும் மதிப்பில், இருக்கும். சி மொழியின் கெட்என்வி செயற்கூறு அதை எடுத்துத் தரும். மாறி இல்லாவிட்டால் எதையும் சுட்டாத 'நல்' (NULL) மதிப்பு வரும் என்பதால் அதை முதலில் சோதியுங்கள்.

இங்கே நிதானம் வேண்டும். 'மணி' என்ற சிறிய பெயர் யூடிஎஃப்-8இல் 9 பைட்டுகள்; முகவரியில் ஒவ்வொரு பைட்டும் சதவீதக் குறியும் இரண்டு பதினாறடிமான இலக்கங்களுமாக மாறுவதால் 27 பைட்டுகள் வந்து சேரும், முடிவைக் காட்டும் சுழியத்தோடு 28. 20 பைட் அணி போதுமென்று எண்ணி அதில் அப்படியே நகலெடுத்தால், மிச்சம் பக்கத்து நினைவகத்தில் போய் எழுதப்படும். சி மொழி தடுக்காது. ஆகவே நீளத்தை அளந்து, அதைவிட ஒரு பைட் கூடுதலாக இடம் ஒதுக்குங்கள். சதவீதக் குறிகளை விரித்தபின், அதாவது மீண்டும் பழைய பைட்டுகளாக்கியபின், நீளம் குறையுமே தவிர ஒருபோதும் கூடாது.

விரித்த பிறகே, பெயரிலுள்ள கோணக் குறிகளையும் 'அண்ட்' குறியையும் ஹெச்டிஎம்எல் மாற்றுகளாக்கி அச்சிடுங்கள். இந்த வரிசை மாறினால், சதவீதக் குறிக்குள் ஒளிந்து வரும் ஸ்கிரிப்ட் பக்கத்தில் ஓடிவிடும்.

கடைசியாக, நினைவகப் பிழைகளைப் பிடிக்கும் அட்ரஸ் சானிடைசரையும், வரி எண் தெரிவதற்கான -g தெரிவையும் சேர்த்துக் கம்பைல் செய்து, குவெரி ஸ்ட்ரிங் மாறிக்குத் தனிச் சதவீதக் குறி ஒன்றை மட்டும் கொடுத்து டெர்மினலிலேயே இயக்கிப் பாருங்கள். அடுத்த இரண்டு இலக்கங்களும் உண்மையில் இருக்கின்றனவா என்று பார்க்காமல் தாண்டும் நிரல் அந்த இடத்திலேயே நின்று, பிழையான வரியின் எண்ணைக் காட்டும்.